மேவிஸ் ஹோல்ராய்டின் சாப்பாட்டு அறை

எங்கள் தெரு கடலில் போய் முடிகிறது. தெருவின் கடைசி வீட்டுக்கு ஸீ க்ரெஸ்ட் என்று பெயர். மூன்று மாடி, செங்கல் முகப்பு, கடலைப் பார்த்துப் பிதுங்கி நிற்கும் பெரிய ஜன்னல். கோடைக்கு வருகிறவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போடும் விடுதி அது. அதை நடத்தியவள் மேவிஸ் ஹோல்ராய்ட். எதிர்ச்சாரியில் கம்பளி நூல் கடை வைத்திருந்தவள் நான். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் பிரிட்லிங்டனில் நூல் கடைக்காரிக்குக் கோடையில் வேலை கிடையாது, விடுதிக்காரிக்குக் குளிர்காலத்தில் வேலை கிடையாது. அதனால் எங்கள் நட்பு இரண்டுக்கும் நடுவே கிடைத்த மாதங்களில்தான் வளர்ந்தது.

மேவிஸ் பிறந்தது ஹல் நகரத்தில், மீன்துறைக்குப் பக்கத்துச் சந்தில். அப்பா ஐஸ்லாந்து வரைக்கும் வலை போடப் போகிற படகுக்காரர். போர்க்காலத்தில் ஒரு மே மாதம் குண்டு விழுந்து அவர்கள் வரிசையில் பாதி வீடுகள் போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பீங்கான் சாமான்கூட மிஞ்சவில்லை. கடைகளிலும் கிடைக்காத காலம். அதற்கப்புறம் நெடுநாள் அந்தக் குடும்பம் ஜாம் ஜாடியில்தான் தேநீர் குடித்தது. ஜாடிக்குப் பிடி கிடையாது, கண்ணாடி சுடும், கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பிடிக்கவேண்டும்.

“வெரல் சுடாம டீ குடிக்கிறவங்கதான் பணக்காரங்கன்னு நெனச்சிட்டிருந்தேன் லோர்னா,” என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள்.

பதினாறு வயதில் ஸீ க்ரெஸ்டுக்கு வேலைக்கு வந்தாள். அப்போது அதை நடத்தியவர் க்ளாரா ஹோல்ராய்ட் என்கிற விதவை. மெழுகு போட்ட தரை மாதிரி இருப்பார்: பளபளப்பு, குளிர்ச்சி. முதல் நாள் காலையில் மேவிஸைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார். கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு விரித்த மேசைகள். ஒவ்வொன்றிலும் உப்பு, மிளகு, கடுகு வைக்கும் சின்ன வெள்ளித்தட்டு, ரொட்டி வாட்டி நிறுத்தும் கம்பி அடுக்கு, முட்டைக் கிண்ணங்கள், அவற்றின் தலையில் கம்பளித் தொப்பி. எல்லாவற்றுக்கும் நடுவில் கோப்பைகள். பாலைப் போன்ற வெள்ளை, ஓரத்தில் தங்கக் கோடு, பக்கத்தில் பச்சைப் பெரணி இலை ஒன்று. கடல் வெளிச்சம் பட்டால் கோப்பைக்கு அந்தப் பக்கம் வைத்த விரல் இந்தப் பக்கம் நிழலாகத் தெரியும். மேவிஸ் வாசற்படியிலேயே நின்று அழுதுவிட்டாள். பெண்ணுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்த க்ளாரா, உருளைக்கிழங்கு உரிக்க அனுப்பிவிட்டார்.

க்ளாராவின் மகன் சிரில் பேசாத மனிதன். கரி தூக்குவான், குழாய் சரிபார்ப்பான், வாசலில் ஜெரேனியம் பூச்செடி வைப்பான். ஞாயிற்றுக்கிழமை பன்றி இறைச்சி வறுத்தால் மேல் தோல் மொறுமொறுவென்று வரும் அல்லவா, அதில் நல்ல துண்டாக ஒன்றை ஒரு சாஸரில் வைத்து, இன்னொரு சாஸரால் மூடி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே உள்ள பலகையில் மேவிஸுக்காக வைத்துவிட்டுப் போவான். இது இரண்டு வருஷம் நடந்தது. மூன்றாம் வருஷம் கல்யாணம் செய்துகொண்டார்கள். க்ளாராவுக்குச் சம்மதமில்லை. ஆனால் மருமகள் ஊற்றுகிற தேநீரில் குறை கண்டுபிடிக்க முடியாமல்தான் அடங்கிப்போனார் என்று ஊரில் சொல்வார்கள்.

அந்தக் காலத்து ஸீ க்ரெஸ்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சத்தம். காலையில் புகையில் வாட்டிய ஹெர்ரிங் மீன் வெண்ணெயில் சுருளும் சத்தம். அப்புறம் வாசனை. அப்புறம்தான் முகங்கள். லீட்ஸ், ஷெஃபீல்ட், பார்ன்ஸ்லி ஆலைகளும் சுரங்கங்களும் ஒரே வாரத்தில் மூடி விடுமுறை விடும். ஊரோடு ரயிலேறி வருவார்கள். வருஷாவருஷம் அதே குடும்பம், அதே அறை, அதே மேசை. மாலை ஐந்தரைக்குக் கூடத்தில் வெண்கலத் தட்டு ஒலிக்கும். கடற்கரையிலிருந்து மணலோடு வந்தவர்கள் முகம் கழுவி, டை கட்டி, தலை வாரி இறங்குவார்கள். உப்பிட்ட பன்றித்தொடையான ஹாம், பீட்ரூட், முக்கோணமாக நறுக்கிய வெண்ணெய் ரொட்டி. டின் பீச் பழத்தின் மேல் டின் பால். மூன்றடுக்குத் தட்டில் கேக். அதில் கடைசி ஒரு துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண்களுக்குக் கறுப்பு பீர். பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் விரல் உயரக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஷெர்ரி ஒயின். ஒன்பது மணிக்குத் தூங்கப் போகிறவர்களுக்குச் சூடான மால்ட் பால். அந்த அறையில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். கரண்டிகள் பேசும்.

எழுபதுகளில் விமானப் பயணம் மலிவானது. ஒரு வருஷம் இரண்டு குடும்பம் வரவில்லை, அடுத்த வருஷம் ஐந்து. “ஸ்பெயின்ல வெயில் அடிக்குதாம்,” என்றாள் மேவிஸ். அதில் கோபம் இல்லை. பிரிட்லிங்டனில் ஜூலையில்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான் எதிரே நிற்கும்போது அவள் என்ன சொல்ல முடியும்? க்ளாரா காலமானார். சிரில் எண்பதுகளின் கடைசியில் ஒரு மார்ச் மாதம், ஜெரேனியத் தொட்டிக்கு மண் மாற்றிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷத்தோடு மேவிஸ் பெயர்ப்பலகையைக் கழற்றினாள். சாப்பாட்டு அறை மேசைகளுக்குப் பழைய போர்வைகளைப் போர்த்திக் கதவைச் சாத்தினாள். அவள் சாப்பாடு சமையலறை மேசையில், தனியாக.

ஆனால் சில பழக்கங்கள் போகவில்லை. சனிக்கிழமைதோறும் அந்தப் பெரணி இலைக் கோப்பைகளை இறக்கி, யாரும் தொடாதவற்றைக் கழுவி, துடைத்து, திரும்ப ஏற்றுவாள். கடையில் மலிவாகக் கிடைத்தால் டின் பீச்சைப் பெட்டியாகத்தான் வாங்குவாள். வியாழக்கிழமை சோம்பு போட்ட கேக் சுட்டு, ஒரு துண்டு தான் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தெருவுக்குக் கொடுத்துவிடுவாள். “எனக்கு மட்டும்னு சமைக்கக் கை வரமாட்டேங்குது,” என்பாள். வீட்டை விற்கச் சொல்லி ஆட்கள் வந்துபோனார்கள். அந்த அலமாரிக்குள் இருப்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் விற்கவில்லை.

இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் போனது.

நான் சொல்ல வந்தது ஒரு மே மாதத்து வியாழக்கிழமையைப் பற்றி. காலையில் நல்ல வெயில். பதினொரு மணிக்குக் கடலிலிருந்து மூட்டம் கிளம்பியது. எங்கள் கரையில் அது மழை மாதிரி வராது, ஆள் மாதிரி நடந்து வரும். முதலில் துறைமுகச் சுவர் போனது, அப்புறம் விளக்குக் கம்பங்கள், அப்புறம் ஸீ க்ரெஸ்டின் மூன்றாம் மாடி. ஃப்ளாம்பரோ முனையில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதல் தூக்கத்தில் முனகுகிற மாட்டைப் போல ஊத ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் என் கடை ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பெரிய பேருந்து மெதுவாக வந்து, இரண்டு முறை இருமி, என் வாசலில் நின்றது.

ஓட்டுநர் உள்ளே வந்தான். நாற்பது வயது, சிவந்த காது. டூகி என்று பெயர் சொன்னான்.

“அம்மா, ஒரு ஃபோன் பண்ணிக்கலாமா? கிளட்ச் காலை வாரிடுச்சு. பின்னாடி முப்பது கெழடுங்க இருக்கு. பாதி பாத்ரூம் கேக்குது, மீதி டீ கேக்குது.”

“கெழடுங்கன்னு சொல்லாதப்பா. எனக்கும் அறுபது தாண்டியாச்சு.”

“மன்னிச்சுக்கோங்க. முப்பது பெரியவங்க.”

பார்ன்ஸ்லியில் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள், ஒருநாள் சுற்றுலா. பழுதுபார்ப்பவர் ஹல்லிலிருந்து வரவேண்டும், இந்த மூட்டத்தில் சாயங்காலம் ஆகும் என்றார்கள் ஃபோனில். என் கடையில் இருப்பது ஒரே ஒரு கழிப்பறை, ஒரே ஒரு கெட்டில். நான் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். மேவிஸ் கையில் மாவோடு வந்தாள். வியாழக்கிழமை அல்லவா.

விஷயத்தைச் சொன்னேன்.

“எத்தனை பேரு?”

“முப்பது போல.”

“போலன்னா? முப்பதா, முப்பத்திரெண்டா? கப்பு எறக்கணும்ல.”

“மேவிஸ், அவங்களுக்குப் பாத்ரூம்தான் வேணும்.”

அவள் என் தோளுக்கு மேலாக வெளியே பார்த்தாள். மூட்டத்தில் பேருந்தின் ஜன்னல்கள் மட்டும் மங்கலாக மஞ்சளாகத் தெரிந்தன. அவற்றுக்குள்ளே தொப்பிகள், நரைத்த தலைகள்.

“இவ்வளவு தூரம் வந்துட்டாங்க, சாப்பிடாம எப்படிப் போவாங்க?” என்றாள். அவர்கள் ஏதோ முன்கூட்டியே எழுதிக்கேட்டு வந்தவர்கள் போலச் சொன்னாள். பிறகு கட்டியிருந்த பழைய ஏப்ரனை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே உள்ள இழுப்பறையிலிருந்து வெள்ளை ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

அவர்களை முன்கூடத்தில் உட்காரவைத்தோம். மாடிக்கு ஒரு கழிப்பறை இருந்தது, அந்த வகையில் ஸீ க்ரெஸ்ட் ஒரு அரண்மனை. டூகி கரி தூக்கினான். என்னை ரொட்டிக்கும் ஹாமுக்கும் முட்டைக்கும் விரட்டினாள் மேவிஸ். மூட்டத்தில் சுவரைத் தடவிக்கொண்டே போய் வந்தேன். திரும்பியபோது சாப்பாட்டு அறைக் கதவு திறந்திருந்தது. போர்வைகள் மூலையில் குவிந்து கிடந்தன. இரண்டு பெண்கள் சேர்ந்து விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்காமலே வந்து கை கொடுத்தவர்கள்.

சமையலறையில் மேவிஸ் மாட்டுக்கொழுப்பும் மாவும் பிசைந்து, நீளமாகத் தேய்த்து, ராஸ்பெரி ஜாம் தடவிப் பாயைப் போலச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதைத் துணியில் இறுகச் சுற்றி, கொதிக்கும் நீரில் இரண்டு மணி நேரம் வேகவைக்கவேண்டும். சுற்றுவதற்கென்று வைத்திருந்த துணிகளை எடுத்து விரித்தால் எல்லாம் பூச்சி அரித்துச் சல்லடையாகக் கிடந்தது.

அவள் மாடிக்குப் போனாள். வந்தபோது கையில் சிரிலின் வெள்ளைச் சட்டைகள் இருந்தன, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்திருந்தவை. அவர் போன நாளிலிருந்து அலமாரியில் தொங்கியவை.

“மேவிஸ், வேற துணி தேடலாமே.”

“எதுக்கு? நல்ல பருத்தி. காலர்தான் தேஞ்சிருக்கு, கை தேயல. அந்தக் காலத்துல சட்டைக் கைக்குள்ள வச்சுத்தானே வேகவைப்பாங்க.”

கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டுவதற்கு முன் ஒரு சட்டையை முகத்தருகே கொண்டுபோனாள். நான் வெண்ணெய்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“வாசனை ஒண்ணும் இல்ல,” என்றாள் கொஞ்சம் கழித்து. “சோப்பு வாசனைதான்.” பிறகு தோள் தையலை ஒட்டி நிதானமாக வெட்டினாள். நான்கு சட்டை, எட்டுக் கை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஜாம் சுருளை நுழைத்து, இரண்டு முனையிலும் நூல் கட்டி, பெரிய அண்டாக்களில் இறக்கினாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க, வெள்ளைக் கைகள் மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தன. மேவிஸ் மூடியைப் போட்டாள். “சரி, முட்டை,” என்றாள்.

நான்கரை மணி இருக்கும். எல்லாம் தயார். மேவிஸ் கூடத்துக்குப் போய், சுவரில் தொங்கிய வெண்கலத் தட்டை மெத்தை வைத்த கோலால் ஒரே ஒரு முறை அடித்தாள்.

அந்த ஒலி மெதுவாகத்தான் அடங்கியது. முன்கூடத்தில் பேச்சு நின்றது. எல்லாரும் எழுந்தார்கள். ஆண்கள் கழுத்துக்குக் கை கொண்டுபோய் டை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் கண்ணாடியில் முடியைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, மெதுவாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஜன்னல் முழுக்க வெள்ளை. அதற்கு வெளியே கடல் இல்லை, தெரு இல்லை, எந்த வருஷம் என்று சொல்ல ஒரு கார்கூட இல்லை. தேநீர்க் கெண்டிகள் கம்பளி உறைக்குள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கோப்பைகளின் தங்க ஓரத்தில் விளக்கு வெளிச்சம் மெல்லியதாக ஓடியது. வாசலில் கை கட்டி நின்ற மேவிஸை நான் பார்த்தேன். அவள் உதடு அசைந்தது. முன்பெல்லாம் வருகிறவர்களை எண்ணுவாள், அப்படி எண்ணுகிறாள் என்று நினைத்தேன். பிற்பாடு கேட்டபோது, “எண்ணல. பேர் சொல்லிக்கிட்டிருந்தேன். பழைய ஆளுங்க பேரு. ஒவ்வொருத்தர் உள்ள வரும்போதும் ஒரு பேரு தானா வந்துச்சு,” என்றாள்.

ஜன்னலோர மேசையில் சின்ன உருவமாக ஒரு பெண் உட்கார்ந்தாள். ஐவி ஆர்மிடேஜ். கோப்பையைத் தூக்கி, பெரணி இலையைப் பார்த்து, கீழே வைத்தாள். திரும்பத் தூக்கினாள்.

“இந்த வீட்டு பேரு என்னங்க?” என்று கேட்டாள்.

“ஸீ க்ரெஸ்ட்.”

“அட, மூட்டத்துல தெரியவே இல்ல. நானும் லென்னும் கல்யாணம் முடிச்சு வந்தது இங்கதான். இதே மேசைதான்.” அவள் மேவிஸை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க அந்த மருமகப் பொண்ணுதானே? செவப்பு முடி?”

“இருந்துச்சு,” என்றாள் மேவிஸ், தலையைத் தொட்டுக்கொண்டு.

ஐவி பக்கத்து மேசைக்காரர்களிடம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள். லென் சுரங்கத் தொழிலாளி. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு மீன். தட்டின் இரண்டு பக்கமும் மீனுக்கென்று தனியாகச் செய்த கத்தியும் முள்கரண்டியும். லென் அதுமாதிரிக் கத்தியைப் பார்த்ததே இல்லை. எதை எடுப்பது என்று தெரியாமல் இனிப்புக்கு வைத்த ஸ்பூனால் மீனைத் தின்றார். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரிய அம்மா, அதாவது க்ளாரா, பார்த்த பார்வையில் லென்னுக்கு அப்போதே ஊர் திரும்பிவிடலாம் போல இருந்தது.

“ராத்திரி பூரா தூங்கல அந்த மனுஷன். மறுநாள் காலைல பயந்துக்கிட்டே எறங்கி வர்றோம். காலைல ஹெர்ரிங். பாத்தா ஒரு மேசைலயும் மீன் கத்தி இல்ல. எல்லாரும் சாதாக் கத்தியை வச்சிக்கிட்டு முழிக்கிறாங்க. இந்தப் பொண்ணு வந்து, ‘மன்னிக்கணும், அதெல்லாம் பாலீஷுக்குப் போயிருக்கு’ன்னு சொல்லுது. நாங்க இருந்த வாரம் பூரா அது பாலீஷ்லயே இருந்துச்சு.” ஐவி மேவிஸிடம் திரும்பினாள். “நெசமாவே பாலீஷுக்கா போச்சு?”

“பின்ன,” என்றாள் மேவிஸ். “வெள்ளின்னா கறுக்கத்தானே செய்யும்.” சொல்லிவிட்டு ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். ஐவி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டுச் சட்டைக் கைகளும் வெட்டி அவிழ்க்கப்பட்டன. ஜாம் சுருள்கள் ஆவி பறக்க, மஞ்சள் கஸ்டர்டில் மிதந்து வந்தன. முன் மேசையில் இருந்த வில்ஃப் என்கிற பெரியவர் முதல் வாய் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பயந்து பக்கத்தில் போனேன்.

“ஒண்ணும் இல்லம்மா,” என்றார் கண்ணைத் திறக்காமலே. “எங்க வீட்டு சமையலறையில இருக்கேன். அம்மா நாய விரட்டிட்டிருக்காங்க. கொஞ்சம் இருங்க, வந்துடறேன்.”

ஆறு மணிக்கு டூகி வந்து வண்டி சரியாகிவிட்டது என்றான். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை சொன்ன பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. வில்ஃப் மட்டும் கோப்பையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் தேநீர் எப்போதோ தீர்ந்திருந்தது.

“இதே மாதிரி எல போட்டது எங்கம்மாகிட்ட இருந்துச்சு. அம்மா போனப்புறம் நாங்க அண்ணன் தம்பிங்க அஞ்சு பேரும் சேந்து எல்லாத்தையும் ஒடச்சோம். வேணும்னு இல்ல. ஆம்பளைங்க கழுவினா அப்படித்தான்.”

“எடுத்துட்டுப் போங்க,” என்றாள் மேவிஸ்.

“அட, நான் அதுக்குச் சொல்லல.”

“தெரியும். எடுத்துட்டுப் போங்க. சாஸரையும் சேத்து.”

பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் கோப்பையைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். மேவிஸ் அதைக் கவனித்தாள். ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, அறை முழுவதற்கும் கேட்கும்படி, முதல் தடவையாக அந்த அறையில் குரலை உயர்த்திச் சொன்னாள்:

“ஆளுக்கு அவங்கவங்க குடிச்சதை எடுத்துக்கங்க. கழுவிட்டு எடுங்க, பையில ஒழுகும்.”

சமையலறைத் தொட்டிக்கு முன்னால் வரிசை நின்றது. நான் என் கடையிலிருந்து சுற்றுவதற்குக் காகிதம் கொண்டுவர ஓடினேன். பாதிப்பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். கையில் பிடித்துக்கொண்டே போகிறோம் என்றார்கள். பேருந்து கிளம்பியபோது உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு ஆள், ஒவ்வொரு மடியிலும் சாஸர் மேல் கோப்பை. டூகி மிக மெதுவாக ஓட்டினான். எதிரே மூட்டம் திறந்தது, அந்த மஞ்சள் ஜன்னல்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது, மூடியது. கொஞ்ச நேரத்துக்கு மெலிதாகக் கலகலவென்ற பீங்கான் சத்தம் மட்டும் கேட்டது போல இருந்தது. அது என் காதின் கற்பனையாகவும் இருக்கலாம்.

உள்ளே போனோம். மேவிஸ் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். நான் கெட்டிலில் மிச்சம் இருந்த வெந்நீரில் தேநீர் போட்டேன்.

“வருத்தமா இருக்கா?” என்று கேட்டேன்.

“கால் வலிக்குது,” என்றாள். யோசித்தாள். “வருத்தம் இல்ல. இத்தனை நாள் அதையெல்லாம் நான் காப்பாத்திட்டிருந்தேன்னு நெனச்சேன். அது கப்பு லோர்னா. ஒருத்தர் வாய் வச்சுக் குடிக்கணும்.”

அடுத்த வசந்தத்தில் வீட்டை விற்றாள். வாங்கியவர்கள் அதை நான்கு குடியிருப்பாகப் பிரித்தார்கள். மேவிஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்துக்கொண்டாள். ஐவி ஆர்மிடேஜ் ஞாயிறுதோறும் ஃபோன் செய்ய ஆரம்பித்திருந்தாள். லென் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் கனடாவில். ஒரு தடவை வந்து போயேன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு செப்டம்பர் மாதம் நானும் மேவிஸும் ரயிலில் பார்ன்ஸ்லி போனோம்.

சின்ன வீடு, சுரங்கத் தொழிலாளர் வரிசையில் ஒன்று. மேசை போட்டிருந்தது. மேவிஸ் கோட்டைக் கழற்றியதும் நேரே சமையலறைக்கு நடந்தாள்.

“எங்க போற?” என்றாள் ஐவி.

“தட்டு எடுக்க.”

“நீ ஒண்ணும் எடுக்க வேணாம். உக்காரு.”

உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷத்தில் திரும்ப எழுந்தாள். ஐவி அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். “மேவிஸ், உன்னைக் கட்டிப்போட வேண்டியிருக்கும் போல.”

முதலில் மாவும் முட்டையும் பாலும் கரைத்துச் சுட்ட யார்க்ஷயர் புட்டிங் வந்தது. தட்டளவு பெரியது, நடுவில் குழிந்து, குழியில் வெங்காயம் போட்ட இறைச்சிச் சாறு தளும்பி. எங்கள் பக்கத்தில் அதைத் தனியாக, முதலில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இறைச்சி. ஐவி அதை மேவிஸ் முன்னால் வைத்தாள். மேவிஸ் கத்தியையும் முள்கரண்டியையும் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

“என்ன, ஆறிடும்,” என்றாள் ஐவி.

“ஒண்ணும் இல்ல.” மேவிஸின் கண்ணில் தண்ணீர் நின்றது. “பதினாறு வயசுலேருந்து எனக்கு யாரும் முன்னால கொண்டுவந்து வச்சது இல்ல. எப்படி இருக்கணும்னு தெரியல.”

“வாயைத் தொறந்து உள்ள போடணும். அப்படித்தான் நாங்கள்லாம் பண்றோம்.”

மேவிஸ் சிரித்துவிட்டாள். ஒரு துண்டு வெட்டிச் சாற்றில் புரட்டி வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு இறைச்சி, பட்டாணி, கிழங்கு, ஆப்பிள் பை எல்லாம் வந்தது. நடுவில் ஒரு முறைகூட எழுந்திருக்கவில்லை. சாப்பாடு முடிந்து ஐவியும் நானும் பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோது, கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, சின்னப் பெண்ணைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. கடைசி ரயிலுக்கு நேரமாகியும் நாங்கள் எழுப்பவில்லை. நான் மட்டும் ஊர் திரும்பினேன்.

ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் டூகி ஒரு வேனோடு வந்து அவள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான்.

அப்புறம் எட்டு வருஷம் அவர்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் இருந்தார்கள். கடைசி வருஷம் மேவிஸ் படுக்கையில் இருந்தாள். ஐவி அவளுக்கு மூன்று வேளையும் தட்டில் வைத்து மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு முந்திய ஏழு வருஷமும் நல்ல வருஷங்கள். நான் ஃபோன் செய்தால் முதலில் மேவிஸ் பேசுவாள்.

“இறைச்சிச் சாறைத் தண்ணியா வைக்கிறா லோர்னா. தட்டு பூரா ஓடுது.”

பின்னாலிருந்து ஐவியின் குரல் வரும். “இவ வைக்கிறதுல ஸ்பூன் நட்டமா நிக்குது. அதையும் சொல்லு.”

“அப்படித்தான் நிக்கணும்.”

“செவுத்துக்குப் பூசவா?”

பிறகு இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டு அவர்களுக்குள் பேசிக்கொண்டே போவார்கள். அவர்கள் முடிக்கும் வரை நான் கடையில் உட்கார்ந்து, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பின்னிக்கொண்டிருப்பேன்.